பியானோவைப் பூட்டி வைக்காதீர்கள்: மட்டக்களப்பில் மண்டபம் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பில் பியானோவும் மண்டபமும் தங்கள் பொறுப்பில் உள்ள அதிபர்மார், பங்குத்தந்தையர், போதகர்மார், பழைய மாணவர் சங்கத்தார், மாநகர சபை அலுவலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கல்லடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருவர் இப்போது வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றில் பியானோ படிக்கிறார். 22 வயது. மேடையில் தனியே இருந்து, முன்னால் ஒரு தாள்கூட இல்லாமல், ஒன்றரை மணி நேரம் வாசிக்கிற ஆள். வருகிற மாசியில் லீவுக்கு வரும்போது ஊரில் ஒரு கச்சேரி செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறார். காசு கேட்கவில்லை, பெரிய மேடை கேட்கவில்லை, தன் படம் போட்ட பனர் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவர் கேட்டது சுருதி சேர்ந்த பியானோ ஒன்று, உள்ளே கம்பியும் சுத்தியலும் இருக்கிற உண்மையான பியானோ. எங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லை என்று அவருக்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இருக்கிறது. உங்களிடம்தான் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது.

நான் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பிக்கிறவள். லண்டன் ரோயல் ஸ்கூல்ஸ் பரீட்சைக்கும் ட்ரினிட்டி பரீட்சைக்கும் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதுதான் என் தொழில். அந்தக் கலைஞர் என்னிடம் படித்தவர் இல்லை. ஆனாலும் அவர் போன தடவை கொழும்பில் வாசித்தபோது என் மாணவர் சிலரையும் அவர்களுடைய அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போனேன், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட அதுவரை ஒரு முழுப் பியானோக் கச்சேரியை நேரில் கேட்டதில்லை. போனில் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாக் என்ற இசையமைப்பாளரின் படைப்பில் தொடங்கினார், பிறகு இன்னொரு இசையமைப்பாளர் ஷொப்பானின் பார்கரோல், அதாவது படகோட்டியின் பாட்டு. இடது கை துடுப்புப் போடுகிற நடையில் போய்க்கொண்டே இருக்க, வலது கையில் இரண்டு குரல்கள் சேர்ந்து பாடும். அதைப் பற்றியே நிறைய எழுதலாம். ஆனால் நான் சொல்ல வேண்டியது இடைவேளைக்குப் பிறகு வாசித்ததைப் பற்றி. இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, அதாவது பல பகுதிகளாக வருகிற நீண்ட பியானோப் படைப்பு, பி ஃப்ளாட் மேஜர் சுருதியில். 1828 செப்டம்பரில் எழுதி முடித்தார், அந்த நவம்பரிலேயே இறந்துபோனார், அப்போது அவருக்கு 31 வயது. தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து மெல்லப் பாடுகிற கீதத்தின் நடையில் தொடங்குகிறது. அந்த முதல் வரி முடிகிற இடத்தில், இடது கை ஆக அடியில் ஒரு ட்ரில் வாசிக்கும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு மாறி மாறி அதிரும், மிக மிக மெல்ல. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு பாட்டு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பத் தொடங்கும். அந்த ட்ரில்தான் அந்தச் சொனாட்டாவின் உயிர் என்று நான் நினைக்கிறேன். அது கேட்காவிட்டால் அதற்குப் பிறகு வருவது வெறும் அழகான மெட்டாகப் போய்விடும். கேட்டுவிட்டால், இவ்வளவு அமைதியான பாட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற பதற்றம் கடைசிவரை கூடவே வரும்.

முதல் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லி ஷூபர்ட் குறித்திருக்கிறார். அப்படித் திரும்பிப் போகிற வழியில் மட்டும் அதே ட்ரில் ஒரே ஒரு தடவை பலத்த சத்தத்தோடு வரும். நீளம் கூடிவிடுகிறது என்று பெரிய பெரிய கலைஞர்கள் பலர் அந்தத் திரும்பலை விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. அந்த இடத்தில் எங்கள் வரிசையில் ஒரு அம்மா மடியில் வைத்திருந்த பையை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். இரண்டாவது பகுதியில் இடது கை அடிச்சுரத்தைத் தொட்டுவிட்டு வலது கைக்கு மேலால் தாண்டிப் போய் உச்சியில் ஒரு சுரத்தைத் தொட்டு மறுபடி கீழே வரும், இப்படியே பக்கம் பக்கமாக. அவர் அந்தக் கையைத் தூக்கிய விதத்தில் ஒரு அவசரமும் இல்லை, ஒரு காட்டலும் இல்லை. 22 வயதில் அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வெளியே வந்ததும் என் மாணவன் ஒருவன், பத்து வயசுப் பையன், "மிஸ், அந்தக் கீழ்ச்சத்தம் மாரிக்கு முன்னம் கடல் பக்கம் இடி உருளுற மாதிரி இருந்தது" என்றான். எத்தனையோ பெரியவர்கள் எத்தனையோ பக்கம் எழுதியதை அவன் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அவர் இங்கே வாசிக்க விரும்புவதும் இதே சொனாட்டாவைத்தான். அந்த ட்ரில் கேட்க வேண்டும் என்றால் நல்ல பியானோ வேண்டும், அமைதியான மண்டபமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சரிவராது.

கீபோர்ட் இருக்கிறதே, அதை ஸ்பீக்கரில் கொடுத்தால் மண்டபம் முழுக்கக் கேட்குமே என்று சிலர் என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு மரச் சுத்தியல், அதன் தலையில் இறுக்கிய கம்பளி. விரல் கட்டையை இறக்குகிற வேகத்துக்கு ஏற்ற வேகத்தில் சுத்தியல் எழும்பிக் கம்பியில் பட்டுவிட்டு உடனே விலகிவிடும். 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்தோஃபோரி என்பவர் கண்டுபிடித்த வித்தை இது. அதற்கு முன்பிருந்த ஹாப்சிகோர்ட் என்ற கட்டை வாத்தியத்தில் விரலை எப்படி வைத்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான். இன்றைய பியானோவுக்குள் கிட்டத்தட்ட 230 கம்பிகள், அவற்றின் மொத்த இழுவை 15 தொன்னுக்கும் மேலே, அதைத் தாங்குவதற்கு ஒரு வார்ப்பிரும்புச் சட்டம், சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க ஒரு மெல்லிய மரப்பலகை. மிதியை அழுத்திக்கொண்டு ஒரு கம்பியை அடித்தால் அடிக்காத கம்பிகளும் கூடச் சேர்ந்து அதிரும். அந்த அதிர்வு தரைவழியாக முதல் வரிசைக் கதிரைக்கு வரும், கால் உணரும். ஸ்பீக்கர் இதைத் தராது.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். என் மாணவி ஒருத்தி கிரேட் மூன்று வரைக்கும் வீட்டில் 61 கட்டைக் கீபோர்டிலேயே பழகினவள். பரீட்சைக்கு முதல் ஒரு தடவையாவது உண்மையான பியானோவில் இருக்கட்டும் என்று ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வழக்கம்போல விரலை மெல்ல வைத்தாள். சத்தமே வரவில்லை. சுத்தியல் கம்பிவரை போகவே இல்லை. "மிஸ், இது பழுதோ?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பழுதில்லை மனே, கையின் பாரத்தைக் கட்டைக்குள் விடு என்றேன். விட்டாள். வந்த சத்தத்தில் மரம் அதிர்ந்தது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சட்டென்று கையை எடுத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்த ஒரு சுரத்தையே மெல்லவும் பலமாகவும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தாள், பரீட்சைப் பாட்டுக்கு வரவே இல்லை. நானும் விட்டுவிட்டேன். அந்த ஒரு பின்னேரத்தில் அவள் படித்தது நான் மாதக் கணக்கில் சொல்லிக் கொடுத்ததை விட அதிகம்.

சரி, இப்போது உங்கள் பியானோக்களுக்கு வருகிறேன். மெதடிஸ்த மிஷனரிமார் இந்த ஊருக்கு வந்தது 1814இல். அவர்களுக்குப் பிறகு வந்த மிஷன் பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் கன்னியர் மடங்களும் பியானோவையும் ஓர்கனையும் இங்கே கொண்டுவந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளி, முப்பது வருஷப் போர், 2004 சுனாமி எல்லாவற்றையும் தாண்டி இன்றைக்கும் சில பியானோக்கள் நிற்கின்றன. அவற்றைத் தாண்டி வந்த பியானோவை இப்போது கவனக்குறைவு அழிக்கிறது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மண்டபத்தில், பெயர் வேண்டாம், பியானோவின் மேல்மூடியில் பூச்சாடி வைத்து அதற்குத் தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற பொன்னாடைகளும் பிளாஸ்டிக் கப்புகளும் அதன் மேலேதான். இன்னொரு இடத்தில் மூடியின் திறப்பு தொலைந்து எத்தனையோ காலம், யாரும் தேடவில்லை. திறக்காத பியானோவுக்குள் இருட்டும் ஈரமும் கம்பளியும் இருக்கிறது, பூச்சிக்கு இதைவிட நல்ல வீடு வேறு வேண்டுமா. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர் இது, உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். கறையான் வேறு.

காலநிலை என்று கையை விரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாரியில் காற்றில் ஈரம் ஏற, மரப்பலகை ஊதி, கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்க எல்லாம் காய்ந்து சுருதி இறங்கும். அதனால்தான் நம்மூரில் ஒரு பியானோவை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ரியூன் பண்ண, அதாவது சுருதி சேர்க்க வேண்டும் என்று சொல்வது, ஒன்று மாரி முடிந்து, மற்றது கச்சான் அடங்கி. இடைப்பட்ட காலத்தில் செய்ய வேண்டியது சின்ன வேலைகள்தான். வெளிச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், யன்னல் வெயில் படவிடாதீர்கள், பியானோவின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னக் குண்டு பல்ப்பை, மரத்திலும் கம்பளியிலும் படாமல், எரிய விடுங்கள். பழைய பல்ப்பாக இருக்க வேண்டும், எல்.ஈ.டி. சூடு தராது. வெப்ப நாடுகளில் பியானோ வைத்திருக்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வழி இது. மற்றபடி வாரத்தில் ஒரு நாள் மூடியைத் திறந்து யாராவது வாசித்தாலே போதும்.

"இங்கே யார், பிள்ளை, இதைக் கேட்கப் போகிறார்கள்?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு உண்மையாகக் கோபம் வருகிறது. வடமோடிக் கூத்தை விடிய விடிய, பாயைப் போட்டுக்கொண்டு, ஒரு வரவைக்கூடத் தவறவிடாமல் பார்த்த சனம் இது. ஒரு தாளம் பிசகினால் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் முகத்தைப் பார்க்கிற சனம். அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஒரு இடத்தில் இருந்து கேட்கத் தெரியாது என்று யார் தீர்மானித்தது? கொழும்புக்கு எங்களோடு வந்த அம்மாமாரில் ஒருவருக்குப் பியானோ பற்றி ஒன்றுமே தெரியாது, மகளுக்குத் துணைக்கு வந்தவர். தொடங்க முதல் "என்ன மிஸ், மைக் ஒன்றையும் காணவில்லை, கேட்குமா?" என்று என் காதுக்குள் கேட்டவர், இடைவேளைக்குக் கூடக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

வெள்ளைக்காரனின் இசை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரைதீவில் 1892இல் பிறந்து, இந்த ஊர்ப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்த சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானம் படிப்பித்த ஒரு ஆசிரியர். வழக்கொழிந்து போன யாழின் நரம்புகள் எந்தச் சுருதியில் நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுப் போட்டுப் பல வருஷம் தேடி, 1947இல் யாழ் நூலைத் தந்தவர். இழுத்துக் கட்டிய நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள உறவுதான் யாழுக்குள்ளும் பியானோவுக்குள்ளும் இருப்பது. அவருடைய பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிற ஊரில், அங்கே வயலினும் வீணையும் பாட்டும் படிக்கிற மாணவர்கள் ஒரு நல்ல பியானோவைக் கிட்ட இருந்து கேட்டால் அவர்களுடைய சங்கீதத்துக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? வயலினும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதானே. இந்த ஊர்ப் பறங்கியர் கல்யாண வீடுகளில் அதே வயலினை வைத்துத்தான் கஃப்ரிஞ்ஞா ஆடினார்கள், கர்நாடகக் கச்சேரியில் அதே வயலின்தான் பாடகருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கச்சேரி நாளைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மறுகா மேடையில் நின்று சண்டை பிடிக்க முடியாது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் 4 மணி. 6 மணிக்கு முதல் முடிந்துவிடும், மஃரிப் பாங்குக்கும் கோவில் மாலைப் பூசைக்கும் இடைஞ்சல் இல்லை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிகுடி, வாகரையிலிருந்து வருகிறவர்களுக்கும் திரும்பிப் போக பஸ் இருக்கும். சிவராத்திரியையும் தவக்காலத்தையும் பார்த்து நாளை நீங்களே சொல்லுங்கள். மாசியில் வெக்கை குறைவு, ஆகவே அந்தச் சொனாட்டா வாசிக்கிற நேரம் மட்டுமாவது ஃபேன்களை நிற்பாட்ட வேண்டும். பழைய மண்டப ஃபேன்களின் கடகடப்புக்குள் அந்த ட்ரில் செத்துப்போகும், எனக்கு அது நன்றாகத் தெரியும். ஜெனரேட்டர் தேவைப்பட்டால் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். மங்கள விளக்கு ஏற்றுங்கள், அது நம் வழக்கம், இருக்கட்டும். ஆனால் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பிரதம அதிதி உரை எதுவும் வேண்டாம். உங்களில் யாராவது ஒருவர் எழும்பி, இன்று வாசிக்கிறவர் நம் பிள்ளை, போனை நிற்பாட்டுங்கள் என்று சொல்லி இருந்தால் போதும். பொன்னாடை போர்த்த விரும்பினால் முடிந்த பிறகு போர்த்துங்கள், அந்தப் பிள்ளைக்கும் அது சந்தோஷமாக இருக்கும். முன் வரிசைகளைப் பிள்ளைகளுக்கு விடுங்கள், முக்கியமாக இடது பக்கத்தை, அங்கிருந்துதான் வாசிக்கிறவரின் கைகள் தெரியும். படுத்த வாக்கில் இருக்கிற பெரிய கிராண்ட் பியானோ கிடைக்காவிட்டால், சுவரோரம் நிமிர்ந்து நிற்கிற நல்ல அப்ரைட் போதும் என்று அவரே சொல்லியிருக்கிறார், அதைச் சுவரிலிருந்து இழுத்துக் குறுக்காக வைத்துக்கொள்ளலாம்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சுருதி பார்க்கிறவர் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், அவருடைய பயணம், தங்குமிடம், கூலி எல்லாம் நாங்கள் பெற்றோர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். நீண்ட காலம் கைபடாத பியானோவை ஒரே தடவையில் சரியான சுருதிக்குக் கொண்டுவர முடியாது. முதல் தடவை இழுத்துவிட்டால் சில நாளில் மறுபடி இறங்கிவிடும், இரண்டாம் தடவை பார்த்தால்தான் நிற்கும். துருப்பிடித்த கம்பி இழுக்கும்போது அறுந்துபோகவும் கூடும், அதை மாற்ற நேரம் வேண்டும். ஆகவே தையில் ஒரு தடவையும் கச்சேரிக்கு முதல் நாள் ஒரு தடவையும் அவர் வர வேண்டும். வேறு மண்டபத்துக்குத் தூக்கிப் போவதென்றால் அதையும் தையிலேயே முடித்துவிட வேண்டும், இடம் மாறின பியானோ புதுக் காற்றுக்குப் பழக இரண்டு கிழமையாவது எடுக்கும். இதெல்லாம் நடக்க வேண்டும் என்றால் கார்த்திகைக்குள் உங்களில் ஒருவர் ஓம் என்று சொல்ல வேண்டும்.

மாநகர சபைக்குத் தனியே ஒரு வேண்டுகோள். அன்றைய பின்னேரத்துக்கு மண்டப வாடகையை விட்டுக் கொடுங்கள், அல்லது குறைத்தாவது கொடுங்கள். கச்சேரிக்கு ரிக்கெட் வைக்கப் போவதில்லை, வாசலில் ஒரு உண்டியல் மட்டும் இருக்கும், அதில் சேருகிறது முழுக்க அந்தப் பியானோவின் அடுத்த ரியூனிங்குக்கு. கணக்கை உங்களிடமே தருகிறோம்.

அதிபர்மாருக்கும் பங்குத்தந்தையருக்கும் போதகர்மாருக்கும் இன்னொன்று. இந்தத் தடவை வேறொருவரின் பியானோ தெரிவானாலும், உங்களுடையதை மூடியே வைத்துவிடாதீர்கள். சுருதி பார்க்கிறவர் தையில் வரும்போது அதே பயணத்தில் உங்கள் பியானோவையும் திறந்து பார்த்து, என்ன பழுது, என்ன செலவு என்று எழுதித் தரச் சொல்கிறோம், அதற்கு நீங்கள் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே திறப்பைத் தேடி எடுத்து, பூச்சாடியை இறக்கி, பக்கத்தில் ஒரு பிளக் பொயின்ற் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு பியானோ ஆசிரியை